ஐடென்டிட்டி நெடுவரிசை: எந்தக் கட்டத்தில் என்ன போடுவது?

கேள்வி இதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் புதிதாக மூன்று டேபிள் வேண்டும்: வாடிக்கையாளர், ஆர்டர், நிகழ்வுப் பதிவு. அதைக் கையாளும் பிஜிஅட்மின் என்ற கருவியில் ஐடி நெடுவரிசைக்கு ஐடென்டிட்டி (ஒவ்வொரு பதிவுக்கும் தானாக எண் தரும் வசதி) என்று தேர்ந்தெடுத்ததும் ஆல்வேஸா, பை டிஃபால்ட்டா என்று கேட்கிறது. அதற்குக் கீழே இன்கிரிமென்ட், ஸ்டார்ட், மினிமம், மேக்சிமம், கேஷ், சைக்கிள்டு என்று ஆறு கட்டங்கள். எதில் என்ன போடுவது? தானாக எண் தரும் பழைய முறையான சீரியலே போதாதா?

டைப் பிக்இன்ட் (8 பைட் முழு எண்). ஆல்வேஸ். ஆறு கட்டங்களையும் தொடாமல் விடுங்கள். பிரைமரி கீயை மட்டும் தனியாகக் குறிக்க மறந்துவிடாதீர்கள். ஐடென்டிட்டி எண் கொடுக்கும், அவ்வளவுதான். ஒரே எண் இரண்டு பதிவில் வராமல் தடுப்பது பிரைமரி கீயின் வேலை. எழுதினால் இப்படி இருக்கும்:

ஐடி பிக்இன்ட் ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி பிரைமரி கீ

மூன்று டேபிளுக்கும் இதே வரி போதும். ஒரு பதிவை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது மட்டுமே இந்த எண்ணின் வேலை. எத்தனையாவது பதிவு, எப்போது வந்தது, மொத்தம் எத்தனை என்றெல்லாம் அதனிடம் கேட்கக் கூடாது. அந்தக் கட்டங்களில் தேவையில்லாமல் எதையாவது நிரப்பிப் பின்னால் அவதிப்படுவது பெரும்பாலும் இந்த எண்ணிடம் வேறு வேலையும் வாங்கப் பார்ப்பதால்தான்.

முதலில் டைப். 4 பைட் முழு எண்ணான இன்டிஜரின் உச்சம் 2,147,483,647, அதாவது 214 கோடிச் சொச்சம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நொடிக்கு 10 பதிவு என்றால் ஏறக்குறைய 6 வருடம் 10 மாதம் தாங்கும். நொடிக்கு 100 என்றால் 248 நாள். 1,000 என்றால் 25 நாள்கூட வராது. பிக்இன்ட்டில் நொடிக்குப் பத்து லட்சம் பதிவு போட்டாலும் 2,92,000 வருடம் ஆகும்.

'4 பைட் மிச்சமாகுமே' என்று இன்டிஜரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் 8 பைட் மதிப்புகளை 8-இன் மடங்கான இடத்தில்தான் வைக்கும். முதல் நெடுவரிசை இன்டிஜராகவும் அடுத்தது டைம்ஸ்டாம்ப்பாகவோ பிக்இன்ட்டாகவோ இருந்தால், நடுவில் 4 பைட் வெற்றிடம் விட்டுத்தான் அடுத்ததை எழுதும். மிச்சம் ஒன்றுமில்லை. பதிவை வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸிலும் இதே கதைதான். 8 பைட் தலைப்பும் 4 பைட் எண்ணும் சேர்ந்து 12, அதை 16 ஆக்கி வைக்கும். பிக்இன்ட்டுக்கும் அதே 16. பிரைமரி கீ இண்டெக்ஸின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். அடுத்த நெடுவரிசையும் இன்டிஜராக இருந்து உண்மையிலேயே 4 பைட் மிஞ்சினாலும், ஒரு கோடிப் பதிவுக்கு 40 எம்பி. அதற்காக இந்தச் சிக்கலை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எண் தீர்ந்துபோவது கற்பனையான ஆபத்து இல்லை. 2018 நவம்பர் 8 அன்று பேஸ்கேம்ப் 3 என்ற திட்ட மேலாண்மைச் சேவை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வாசிக்க மட்டுமே முடிகிற நிலையில் நின்றது. நிகழ்வுகளைப் பதியும் ஒரு டேபிளின் ஐடி, இன்டிஜரின் உச்சத்தைத் தொட்டதுதான் காரணம். அவர்கள் பயன்படுத்திய ரெயில்ஸ் கட்டமைப்பு அதற்கு முந்தைய வருடமே, 5.1 பதிப்பில், புதிய டேபிள்களுக்குப் பிக்இன்ட்டை இயல்பாக்கியிருந்தது. ஏற்கெனவே இருக்கும் டேபிளை அது மாற்றாது. பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவிலும் 3.2 முதல் புதிய திட்டங்களுக்குப் பிக்இன்ட்தான். பழைய மாடல்களை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து 'எங்களுக்கு 214 கோடி எதற்கு' என்று கணக்குப் போடுவதுதான் மிகவும் ஆபத்தானது. ஒரு டேபிளில் 5,000 கருவிகளின் கடைசி நிலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை 5,000 பதிவுகளையும் 'இன்சர்ட், ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்' (இல்லாவிட்டால் சேர், இருந்தால் மாற்று) முறையில் எழுதுகிறீர்கள். டேபிளில் எப்போது எண்ணினாலும் 5,000 பதிவுதான். ஆனால் இன்சர்ட் தொடங்கும்போதே அடுத்த எண் எடுக்கப்பட்டுவிடும். இந்தப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்ற சோதனை அதற்குப் பிறகுதான். எடுத்த எண் திரும்பாது. ஆக ஒரு நாளுக்கு 72 லட்சம் எண் வீண். 298 நாளில் இன்டிஜர் தீர்ந்து, 5,000 பதிவு உள்ள டேபிள் 'உச்சத்தை எட்டிவிட்டது' என்று நின்றுவிடும். இப்படிப்பட்ட டேபிளுக்கு ஐடென்டிட்டியே வேண்டாம். கருவி எண்ணையே பிரைமரி கீயாக வையுங்கள்.

அடுத்து, ஆல்வேஸா பை டிஃபால்ட்டா. உண்மையில் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இது.

ஆல்வேஸ் என்றால் எண்ணை டேட்டாபேஸ்தான் தரும். இன்சர்ட்டில் நீங்களாக ஓர் எண் எழுதினால் பிழை காட்டி மறுத்துவிடும். வேண்டுமென்றே எழுத நினைத்தால் 'ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ' என்று வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். பை டிஃபால்ட் என்றால் நீங்கள் எண் கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளும், கொடுக்காவிட்டால் தானே தரும்.

பை டிஃபால்ட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புது டேபிள். யாரோ ஒரு ஸ்கிரிப்டில் ஐடி 1, 2, 3 என்று எண்ணோடு மூன்று பதிவுகளைப் போடுகிறார். மூன்றும் ஏறிவிடும். ஆனால் உள்ளே இருந்து அடுத்தடுத்த எண்களைத் தரும் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. அது இன்னும் 1-இலேயே நிற்கிறது. இப்போது செயலி எண் இல்லாமல் ஒரு பதிவு போடுகிறது. சீக்வென்ஸ் 1 தருகிறது, ஏற்கெனவே 1 இருப்பதால் 23505 என்ற டூப்ளிகேட் கீ பிழை. பயனர் மறுபடி அழுத்துகிறார்: 2, அதே பிழை. மூன்றாம் முறை 3, அதே பிழை. நான்காம் முறை 4 வந்து ஏறிவிடும். பிழையான இன்சர்ட்டிலும் சீக்வென்ஸ் ஒவ்வோர் எண்ணாக நகர்ந்துவிடுவதால் 'தானாகச் சரியாகிவிட்டது' போலத் தெரியும். மூன்றுக்குப் பதில் 40,000 பதிவு அப்படி ஏற்றப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆல்வேஸ் போட்டிருந்தால் முதல் ஸ்கிரிப்டே நின்றிருக்கும். எங்கே தவறோ அங்கேயே தெரிந்திருக்கும்.

ஆல்வேஸிலும் ஒரு திறந்த வாசல் உண்டு. காப்பி கட்டளை மூலம் கோப்பிலிருந்து ஏற்றும்போது, கோப்பில் ஐடி இருந்தால் அந்த எண்களே போகும். ஆல்வேஸ் அதைத் தடுக்காது. பழைய டேட்டாவை இப்படி ஏற்றிய பிறகு சீக்வென்ஸை நகர்த்தியே ஆக வேண்டும். பிஜி_டம்ப் என்ற கருவியால் காப்புநகல் எடுத்து மீட்டால் அது தானே நகர்த்திவிடும். நீங்களாக சிஎஸ்வி ஏற்றினால் நீங்களேதான் செய்ய வேண்டும்.

நகர்த்துவதற்குச் செட்வேல் என்ற ஃபங்ஷன். அதற்குச் சீக்வென்ஸின் பெயர் வேண்டும். பெயரை ஊகித்து எழுதாதீர்கள், டேபிள் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் கொடுத்து பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் மூலம் கேட்டு வாங்குங்கள். பெயரில் சீரியல் இருந்தாலும் ஐடென்டிட்டிக்கும் அது வேலை செய்யும். இரண்டாவது மதிப்பாக டேபிளில் உள்ள மிகப்பெரிய ஐடி. அடுத்து வரும் எண் அதற்கு ஒன்று கூட. 'ரீஸ்டார்ட் வித்' கட்டளையாலும் செய்யலாம், ஆனால் அதில் நேரடி எண்தான் எழுத முடியும். 'மேக்ஸ் எவ்வளவோ அவ்வளவு' என்று உள்ளே வினவ முடியாது. இன்னொரு வேறுபாடு: ரீஸ்டார்ட்டை ரோல்பேக் செய்தால் (செய்ததை ரத்து செய்தால்) பழைய நிலைக்குத் திரும்பும், செட்வேல் திரும்பாது. இதைச் செய்யும் நேரத்தில் வேறு யாரும் எழுதாதபடி டேபிளைப் பூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேக்ஸ் பார்த்ததற்கும் நகர்த்தியதற்கும் இடையில் ஒரு பதிவு நுழைந்துவிடும்.

பை டிஃபால்ட் நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. வேறு சிஸ்டத்திலிருந்து பழைய எண்ணோடு பதிவுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது வேண்டும். ஜாவா செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் ஹைபர்னேட் பயன்படுத்தி, அதில் சீக்வென்ஸ் முறையைத் தேர்ந்திருந்தாலும் வேண்டும். அந்த முறையில் ஹைபர்னேட்தான் எண்ணைக் கேட்டு வாங்கி இன்சர்ட்டில் எழுதி அனுப்பும். ஆல்வேஸ் அதை மறுத்துவிடும்.

ஜாவாவில் வேலை செய்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஹைபர்னேட்டில் ஐடென்டிட்டி முறையைத் தேர்ந்தால், இன்சர்ட்களைத் தொகுப்பாக அனுப்பும் வசதியை அது அந்த என்டிட்டிக்கு (டேபிளைக் குறிக்கும் ஜாவா வகுப்புக்கு) நிறுத்திவிடும். ஒவ்வொரு பதிவையும் போட்ட பிறகுதான் அதன் ஐடி தெரியும் என்பதால் ஒன்றொன்றாக அனுப்புகிறது. ஆயிரக்கணக்கில் ஏற்றும் இடத்தில் இது நன்றாகவே உறைக்கும். சீக்வென்ஸ் முறைக்கு மாறினால் அலோகேஷன்சைஸ் என்ற மதிப்பு வரும். அதன் இயல்பு 50. டேட்டாபேஸில் உள்ள சீக்வென்ஸின் இன்கிரிமென்ட்டும் அதே 50 ஆக இருக்க வேண்டும். செயலியில் 50, டேட்டாபேஸில் 1 என்று இருந்தால், புதிய பதிப்புகள் தொடக்கத்திலேயே புகார் சொல்லும். அந்தச் சோதனை இல்லாத இடத்தில் ஒரே எண்களை இரண்டு சர்வர்கள் ஒதுக்கிக்கொண்டு டூப்ளிகேட் கீ பிழை வரும். இன்கிரிமென்ட் கட்டத்தில் 1 அல்லாத எண் போட இது ஒரு சரியான காரணம்.

இன்னொரு காரணம் இரண்டு டேட்டாபேஸ்களிலும் ஒரே டேபிளில் எழுதுவது. ஒன்றில் ஸ்டார்ட் 1, இன்கிரிமென்ட் 2. மற்றதில் ஸ்டார்ட் 2, இன்கிரிமென்ட் 2. ஒற்றைப்படை அங்கே, இரட்டைப்படை இங்கே. மூன்றாவது சர்வர் வரலாம் என்று தோன்றினால் தொடக்கத்திலேயே இன்கிரிமென்ட்டை 10 என்று வைத்துவிடுங்கள். பிக்இன்ட்டில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

கேஷ் கட்டம் பலரும் 'வேகம் கூடும்' என்று தொட்டுப் பார்ப்பது. இயல்பு 1. இதை 50 என்று மாற்றினால் ஒவ்வொரு கனெக்ஷனும் முதல்முறை கேட்கும்போதே 50 எண்களை மொத்தமாக வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இரண்டு கனெக்ஷன் திறந்து பாருங்கள். முதலாவதில் ஒரு பதிவு: ஐடி 1. இரண்டாவதில் ஒரு பதிவு: ஐடி 51. மறுபடி முதலாவதில்: ஐடி 2. கடைசியாக வந்த பதிவின் எண், அதற்கு முன் வந்ததைவிடச் சிறியது. கனெக்ஷன் மூடியதும் அதன் கையில் மிச்சம் இருந்த எண்கள் போய்விடும்.

கேஷ் கூடுதலாக வைப்பது எங்கே பலிக்கும்? நீண்ட நேரம் திறந்திருக்கும் சில கனெக்ஷன்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழுதுகிறது என்றால் 20 முதல் 100 வரை வைக்கலாம். உங்கள் நிகழ்வுப் பதிவு டேபிள் ஒருநாள் அந்த நிலைக்கு வரலாம். அப்போது அளந்து பார்த்து ஒரு ஆல்டர் கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம், இப்போதே வேண்டாம். நேர்மாறாக, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய கனெக்ஷன் திறந்து மூடும் செயலி, இன்டிஜர் ஐடி, கேஷ் 100 என்று மூன்றும் சேர்ந்தால், ஒரு பதிவுக்கு 100 எண் செலவாகும். 214 கோடி என்பது 2 கோடியே 14 லட்சம் ஆகிவிடும்.

மினிமம், மேக்சிமம் இரண்டையும் விட்டுவிடுங்கள், டைப்பைப் பொறுத்து அதுவே எடுத்துக்கொள்ளும். சைக்கிள்டு கட்டாயம் வேண்டாம். உச்சத்தை எட்டியதும் மறுபடி 1-லிருந்து தொடங்கும், பிரைமரி கீயில் பழைய 1 இருக்கும், மோதும்.

இடைவெளிகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் '17-க்குப் பிறகு 19 வந்திருக்கிறது, 18 எங்கே போனது' என்ற கேள்வி நிச்சயம் வரும். ரோல்பேக் ஆன டிரான்சாக்‌ஷன் எடுத்த எண் திரும்பாது. (டிரான்சாக்‌ஷன் என்றால் ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு.) இது குறை இல்லை. திரும்ப வேண்டுமென்றால், ஒருவர் முடிக்கும்வரை மற்ற எல்லோரும் எண்ணுக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சர்வர் திடீரென விழுந்து எழுந்தாலும் தாவல் வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் லாக் எழுதாமல் 32 எண்களுக்கு முன்கூட்டியே ஒரே தடவையாகப் போஸ்ட்கிரெஸ் எழுதி வைக்கிறது. எழுந்ததும் அந்த எல்லையிலிருந்து தொடர்வதால், கேஷ் 1 ஆக இருந்தாலும் 32 எண் வரை காணாமல் போகலாம்.

ஆகவே பில் எண்ணாக ஐடியைப் பயன்படுத்தாதீர்கள். இந்தியாவில் ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில்லுக்குத் தொடர்ச்சியான வரிசை எண் வேண்டும், 16 எழுத்துக்குறிகளுக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் அது மறுபடி வரக் கூடாது. ஐடென்டிட்டி இந்தத் தொடர்ச்சியைத் தர முடியாது. ஆர்டர் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கவுன்டர் டேபிள் வையுங்கள்: நிதியாண்டு, தொடர், கடைசி எண் என மூன்றே நெடுவரிசை. பில் போடும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்தப் பதிவை 'கடைசி எண் கூட்டல் 1' என்று அப்டேட் செய்து, ரிட்டர்னிங் மூலம் புதிய எண்ணை வாங்கி, 2025-26/000123 என்பது போல் பில்லில் எழுதுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் வந்தால் முதலாமவர் கமிட் செய்யும்வரை (வேலையை உறுதிசெய்து முடிக்கும்வரை) காத்திருப்பார். ரோல்பேக் ஆனால் எண்ணும் சேர்ந்து திரும்பிவிடும். காத்திருப்பு நேரம் குறைய, கையிருப்புச் சோதனை, விலைக் கணக்கு எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, இந்த அப்டேட்டைக் கடைசியில் செய்யுங்கள். பணம் கட்டும் சேவையை அழைப்பது போன்ற வெளிவேலை எதுவும் இந்த அப்டேட்டுக்கும் கமிட்டுக்கும் இடையில் வரவே கூடாது.

இடைவெளியைவிடப் பெரிய ஆபத்து வரிசை. எண் எடுக்கும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் வேறு. அ என்ற டிரான்சாக்‌ஷன் 101-ஐ எடுத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்கிறது. ஆ 102-ஐ எடுத்து உடனே கமிட் செய்கிறது. நிகழ்வுப் பதிவை வேறு சிஸ்டத்துக்கு அனுப்பும் உங்கள் ஜாப், 'கடைசியாகப் பார்த்தது 100, அதைவிடப் பெரியவற்றைத் தா' என்று கேட்கிறது. 102 மட்டும் கிடைக்கிறது. குறிப்பேட்டில் 102 என்று எழுதிக்கொள்கிறது. அதன் பிறகு அ கமிட் ஆகிறது. 101-ஐ அந்த ஜாப் இனி ஒருபோதும் பார்க்காது. பிழையும் வராது, லாக்கிலும் ஒன்றும் இருக்காது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும். கேஷ் 50 என்றால் இது தினமும் நடக்கும், 1 என்றாலும் எப்போதாவது நடக்கும். அனுப்பியாயிற்றா இல்லையா என்று பதிவிலேயே ஒரு நெடுவரிசை வைத்து, அனுப்பாதவற்றை எடுத்து அனுப்புங்கள். அனுப்பாதவற்றுக்கு மட்டும் ஒரு பகுதி இண்டெக்ஸ் போட்டால் டேபிள் எவ்வளவு வளர்ந்தாலும் வினவல் வேகமாகவே இருக்கும்.

இணைய முகவரியில் ஐடி தெரிவது தனிப் பிரச்சினை. ஸ்டார்ட் கட்டத்தில் 48,213 என்று ஏதோ ஓர் எண் போட்டு மறைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இன்று ஓர் ஆர்டர், அடுத்த வாரம் ஓர் ஆர்டர் போட்டு இரண்டு எண்ணையும் கழித்தால் வாரத்துக்கு எத்தனை ஆர்டர் என்று யாருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கிகளின் உதிரிபாக வரிசை எண்களை வைத்தே நேச நாடுகள் மாத உற்பத்தியைக் கணித்தன. வெளியே காட்ட யூயூஐடி (ஊகிக்க முடியாத நீண்ட தற்செயல் அடையாளம்) நெடுவரிசை ஒன்றைத் தனியாக வையுங்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து அதை உருவாக்கும் ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸ்ஸிலேயே இருக்கிறது. அடுத்தவர் ஆர்டரைப் பார்க்க அனுமதி உண்டா என்ற சோதனையும் கூடவே இருக்க வேண்டும், யூயூஐடி அதற்கு மாற்று இல்லை.

சீரியல் போதாதா என்ற கேள்விக்கு வருவோம். 2017 அக்டோபரில் 10-ஆம் பதிப்பில் ஐடென்டிட்டி வந்த பிறகு புதிய டேபிளில் சீரியல் எழுத எந்தக் காரணமும் இல்லை. சீரியல் என்பது ஒரு சீக்வென்ஸையும் ஒரு டிஃபால்ட்டையும் சேர்த்து எழுதும் சுருக்கம் மட்டுமே. டேபிளில் எழுத அனுமதி கொடுத்தாலும், சீக்வென்ஸுக்குத் தனியாக யூசேஜ் அனுமதி கொடுக்காவிட்டால் இன்சர்ட் நின்றுவிடும். ஐடென்டிட்டியில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய பொறி வேறொன்று. 10-க்குப் பிறகு சீரியலின் சீக்வென்ஸும் இன்டிஜர் டைப்தான். நெடுவரிசையைப் பிக்இன்ட் ஆக்கினால் நெடுவரிசை மட்டும் மாறும். சீக்வென்ஸின் உச்சம் பழைய 2,147,483,647-இலேயே நிற்கும். 'மாற்றியாயிற்று' என்று நிம்மதியாக இருக்கும்போது அதே எண்ணில் வந்து நிற்கும். சீக்வென்ஸையும் 'ஆல்டர் சீக்வென்ஸ், ஆஸ் பிக்இன்ட்' என்று தனியாக மாற்ற வேண்டும். ஐடென்டிட்டியில் நெடுவரிசையை மாற்றினால் சீக்வென்ஸும் சேர்ந்து மாறும்.

இருக்கும் இன்டிஜர் டேபிளைப் பிக்இன்ட் ஆக்குவது சின்ன டேபிளில் ஒரே கட்டளை. பெரிய டேபிளில் அந்தக் கட்டளை முழு டேபிளையும் புதிதாக எழுதும், முடியும்வரை வாசிக்கக்கூட விடாது, டிஸ்க்கில் இன்னொரு டேபிள் அளவு இடமும் கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் வழி இது. பிக்இன்ட் டைப்பில் வெற்று நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். புதிதாக வரும், மாறும் பதிவுகளில் பழைய ஐடியை அதில் நகலெடுக்க ஒரு டிரிகர் வையுங்கள். பழைய பதிவுகளை 5,000 அல்லது 10,000 என்ற தொகுப்புகளாக நிரப்புங்கள், நடுநடுவே வேக்கம் (பழைய நகல்களைத் துப்புரவாக்கும் வேலை) ஓடட்டும். அதன் மேல், எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி முறையில் யூனிக் இண்டெக்ஸ். 'வெற்றாக இல்லை' என்ற செக் நிபந்தனையை நாட் வேலிட் (பழைய பதிவுகளை இப்போது சோதிக்க வேண்டாம்) என்று சேர்த்துப் பிறகு வேலிடேட் செய்தால், 12-ஆம் பதிப்பு முதல் நாட் நல் ஆக்கும்போது முழு டேபிளையும் மறுபடி படிக்காது. கடைசியில், பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரமான லாக் டைம்அவுட்டைச் சில நொடிகளாக வைத்து, ஒரே டிரான்சாக்‌ஷனில் பழைய பிரைமரி கீயை நீக்கி, பெயர்களை மாற்றி, தயாராக உள்ள இண்டெக்ஸை வைத்துப் புதிய பிரைமரி கீயைச் சேருங்கள். புதிய நெடுவரிசையில் ஐடென்டிட்டி சேர்க்கும்போது உருவாகும் சீக்வென்ஸ் 1-லிருந்துதான் தொடங்கும். அதே டிரான்சாக்‌ஷனிலேயே செட்வேல் போடாவிட்டால் முதல் இன்சர்ட்டே மோதும்.

இந்த ஐடியைக் குறிக்கும் மற்ற டேபிள்களின் ஃபாரின் கீ நெடுவரிசைகளையும் மாற்ற வேண்டும். தாய் டேபிளில் பிக்இன்ட், பிள்ளை டேபிளில் இன்டிஜர் என்று இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீயை அனுமதிக்கும். 214 கோடியைத் தாண்டும் நாளில் பிள்ளை டேபிளில்தான் 'இன்டிஜர் எல்லைக்கு வெளியே' என்ற 22003 பிழை வெடிக்கும்.

எண் ஏற்கெனவே தீர்ந்து எல்லாம் நின்றுவிட்டதென்றால் உடனடியாக மூச்சுவிட ஒரு வழி இருக்கிறது. சீக்வென்ஸின் மினிமத்தை −2,147,483,648 என்று வைத்து அங்கிருந்தே ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொரு 214 கோடி எண் கிடைக்கும். எதிர்மறை ஐடியைச் செயலி ஏற்குமா, 'ஐடி பெரியது என்றால் புதியது' என்று எங்காவது வரிசைப்படுத்தியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

அந்த நிலைக்குப் போகாமல் கண்காணிக்க பிஜி_சீக்வென்சஸ் என்ற வியூவைப் பாருங்கள். கடைசி மதிப்பும் உச்சமும் அதில் இருக்கும். 50 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். நெடுவரிசை இன்டிஜர், சீக்வென்ஸ் பிக்இன்ட் என்று இருக்கும் பழைய டேபிள்களில் இந்தக் கணக்கு எப்போதும் பூஜ்ஜிய சதவீதம் என்றே காட்டும். அங்கே நெடுவரிசையின் உச்சத்தோடு ஒப்பிட வேண்டும். பதிவுகளை நகலெடுத்து அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியாக வேறு சர்வருக்கு மாறுபவர்களும் கவனிக்கவும்: 18-ஆம் பதிப்பு வரை பதிவுகள் போகும், சீக்வென்ஸின் நிலை போகாது. மாறும் அன்று எல்லாச் சீக்வென்ஸையும் செட்வேல் செய்யாவிட்டால் புதிய சர்வரில் முதல் நிமிடமே டூப்ளிகேட் கீ.

வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. மைஎஸ்கியூஎல் இன்னோடிபியில் 8.0-க்கு முன் ஆட்டோ இன்கிரிமென்ட் கவுன்டர் நினைவகத்தில் மட்டும் இருந்தது. கடைசிப் பதிவை அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அதே எண் மறுபடி வரும். 8.0-இல் அது சரியாகிவிட்டது. எஸ்கியூஎல் சர்வரில் எதிர்பாராமல் சர்வர் நின்று எழுந்தால் இன்ட்டில் 1,000, பிக்இன்ட்டில் 10,000 வரை எண் தாவும். 2017 பதிப்பு முதல் ஐடென்டிட்டி கேஷை டேட்டாபேஸ் அளவில் நிறுத்தலாம், ஆனால் தாவல் கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக மட்டும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஸ்டார்ட் கட்டம். நேரலை டேட்டாபேஸில் காலியாக விடச் சொன்னேன். சோதனை டேட்டாபேஸில் மட்டும் மூன்று டேபிளுக்கும் அதில் 3,000,000,000 என்று போடுங்கள். முதல் பதிவே இன்டிஜரின் எல்லையைத் தாண்டி இருக்கும். செயலியில் யாராவது ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ ஐடியை இன்ட் என்று எழுதியிருந்தால் அன்றே உடையும். பிள்ளை டேபிளில் இன்டிஜராக விட்ட ஃபாரின் கீ உடையும். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில் பிக்இன்ட் மதிப்பு எண்ணாக வராமல் ஸ்ட்ரிங்காக வருவதும், அதனால் '===' ஒப்பீடு பொய்யாவதும் முதல் ஓட்டத்திலேயே தெரியும். அதை எண்ணாக மாற்றிக்கொள்வதென்றால் ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் தாங்குவது 9,007,199,254,740,991 வரை. உங்கள் ஐடி அதை எட்டப்போவதில்லை. மூன்று டேபிளுக்கும் மூன்று வேறு தொடக்கம், 3,000,000,000, 4,000,000,000, 5,000,000,000 என்று வைத்தால் இன்னொரு நன்மை: வாடிக்கையாளர் ஐடி போக வேண்டிய இடத்தில் ஆர்டர் ஐடியைத் தவறாக அனுப்பும் ஜாயின் (டேபிள்களை இணைக்கும் வினவல்), சின்ன எண்களில் தற்செயலாகப் பொருந்திச் சரியாக இருப்பதுபோல் தெரியும், இங்கே பூஜ்ஜியம் பதிவு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.